சண்டை விமானமும் கடன் வாங்கின எஞ்சினும்

2025 பிப்ரவரியில் பெங்களூரு எலகங்கா விமானக் கண்காட்சியில் ஒரு அபூர்வமான காட்சி. அமெரிக்காவோட எஃப்-35, ரஷ்யாவோட சுகோய்-57, ரெண்டும் ஒரே இடத்துக்கு வந்திருந்தன. ரெண்டுமே ஐந்தாம் தலைமுறை போர் விமானங்கள். அதே வாரம் வாஷிங்டன்ல டிரம்ப், இந்தியாவுக்கு எஃப்-35 கொடுக்க வழி செய்யறோம்னு சொன்னார். ரஷ்யாக்காரங்க, எங்க விமானத்தை உங்க ஊர்லயே செஞ்சுக்கலாம் வாங்கன்னாங்க. ரெண்டு மாப்பிள்ளை வீடும் ஒரே நாள்ல பொண்ணு பாக்க வந்த மாதிரி ஆகிப்போச்சு.

அந்த வருஷம் ஆகஸ்ட்ல நம்ம அரசு நாடாளுமன்றத்துல, எஃப்-35 பத்தி முறைப்படி எந்தப் பேச்சுவார்த்தையும் நடக்கலைன்னு சொல்லிடுச்சு. ஆனாலும் இதுவா அதுவாங்கிற பட்டிமன்றம் ஓயலை. ரேடார்ல தெரியுமா, எத்தனை ஏவுகணை தூக்கும், விலை என்ன, எல்லாத்தையும் அலசறாங்க. எஞ்சின் யாரோடதுங்கிற கேள்வியை மட்டும் யாரும் பெருசா எடுத்துக்கிறதில்லை. நம்ம நாடு போர் விமானம் தேடி அலைஞ்ச எழுபது வருஷக் கதையைத் திருப்பிப் பாத்தா, ஒவ்வொரு திருப்பத்துலயும் நம்மைத் தடுக்கி விட்டது அந்தக் கேள்விதான். அதைத்தான் கொஞ்சம் விரிவா எழுதப் போறேன். நீளமான பதிவு, டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

கதை குர்ட் டாங்க் என்ற ஜெர்மானியரிடம் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டு விமானிகளை நடுங்க வைத்த ஃபோக்கே வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர். போர் முடிந்ததும் அர்ஜென்டினா போனார். அங்கே நிலைமை சரியில்லாமல் போக, 1956-ல் பெங்களூரு வந்து சேர்ந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை: ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கக்கூடிய ஒரு போர் விமானத்தை இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் உருவாக்க வேண்டும். சுதந்திரம் வாங்கி ஒன்பதே வருஷம் ஆன நாடு. தைரியத்தைப் பாருங்க!

முதலில் மரத்தால் ஒரு முழு அளவு கிளைடர் செய்தார்கள். 1959-ல் அதை டக்கோட்டா விமானத்தில் கட்டி இழுத்துப் போய் ஆகாயத்தில் அவிழ்த்து விட்டுப் பறந்து பார்த்தார்கள். 1961 ஜூன் 17 அன்று நிஜ விமானம் பறந்தது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? பெங்களூரில் வேலை பார்க்கிற நம்ம மக்கள் தினமும் ஆஃபீஸ் பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டே கடக்கிற சுரஞ்சன் தாஸ் ரோடு, இவர் பெயர்தான். விமானத்துக்கு எச்.எஃப்-24 மருத் என்று பெயர். காற்றின் கடவுள்.

உடம்பு தயார். உயிர்தான் இல்லை. டாங்க் தன் விமானத்தை வரைந்தது பிரிட்டிஷ் பிரிஸ்டல் கம்பெனியின் ஆர்ஃபியஸ்-12 எஞ்சினை நம்பி. அந்த எஞ்சின் அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. நடுவில் பிரிட்டனுக்கும் நேட்டோவுக்கும் அது தேவைப்படாமல் போக, மிச்ச வேலையை முடிக்கிற செலவை நீங்க ஏத்துக்கறீங்களான்னு கம்பெனி நம்மகிட்ட கேட்டது. நம்ம ஆளுங்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அன்னியச் செலாவணிக்குத் திண்டாடின காலம் அது, ஒரேயடியா குறை சொல்ல முடியாதுதான். கடைசியில், நாட் விமானத்துக்காக பெங்களூரில் ஏற்கெனவே லைசென்ஸில் செஞ்சுக்கிட்டிருந்த சாதா ஆர்ஃபியஸ் எஞ்சின் ரெண்டை மருத்தில் பூட்டினார்கள். உந்துவிசை, டாங்க் எதிர்பார்த்ததில் கிட்டத்தட்ட அறுபது சதவீதம்தான். ஒலியின் இரண்டு மடங்கு வேகத்துக்காகச் செதுக்கப்பட்ட விமானம், ஒலியின் வேகத்தைத் தொடவே மூச்சு வாங்கியது.

அதுக்கப்புறம் பத்து வருஷம் மருத்துக்கு மாத்து எஞ்சின் தேடி அலைந்தார்கள். சோவியத் எஞ்சின் ஒன்றைப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. எகிப்தில் நாசர் ஆட்சியில் ஆஸ்திரியரான ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் இ-300 என்று ஒரு எஞ்சின் செய்துகொண்டிருந்தார். அதை வைத்துப் பறக்க மெஸ்ஸர்ஷ்மிட் வடிவமைத்த எச்.ஏ-300 என்ற விமானம். அவர்களிடம் எஞ்சின் உண்டு, சோதித்துப் பார்க்க விமானம் போதவில்லை. நம்மிடம் விமானம் உண்டு, எஞ்சின் இல்லை. எவ்வளவு பொருத்தம்! ஒரு மருத்தை எகிப்துக்கே அனுப்பி, ஒரு பக்கம் ஆர்ஃபியஸ், மறுபக்கம் இ-300 மாட்டிப் பறக்க விட்டார்கள். எகிப்து விமானத்தை 1964-ல் முதன்முதலாகப் பறக்க விட்டவர்கூட நம்ம கபில் பார்கவாதான். ஆனால் 1967 போரில் எகிப்து நொறுங்கியது, 1969-ல் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

மிச்சமிருந்தது ஒரே வழி. பெங்களூரில் இருக்கிற எரிவாயுச் சுழலி ஆய்வு நிறுவனம், அதாவது ஜி.டி.ஆர்.ஈ., ஆர்ஃபியஸுக்கே ஒரு ஆஃப்டர்பர்னர் செய்து கொடுத்தது. அதை மாட்டிய மாதிரி விமானத்தை 1970 ஜனவரி 10 அன்று கிளப்பினார், அப்போது குரூப் கேப்டனாக இருந்த சுரஞ்சன் தாஸ். கிளம்பிய சில நொடிகளிலேயே விமானம் விழுந்து அவர் இறந்தார். அடுத்த தடவை அந்த ரோட்டு சிக்னல்ல மாட்டினா ஒரு நிமிஷம் அவரை நினைச்சுக்குங்க.

மொத்தம் 147 மருத் செய்தார்கள். 1971 போரில் ராஜஸ்தான் பக்கம் தரைத்தாக்குதலுக்கு நன்றாகவே உழைத்தன. ஒரு எஞ்சின் அடிபட்டும் இன்னொன்றில் வீடு திரும்பின சம்பவம் உண்டு. 1990-க்குள் எல்லாமே ஓய்வுக்குப் போய்விட்டன.

அன்னைக்கே பிரிட்டிஷ்காரனுக்குக் காசு கொடுத்திருந்தா நாம இந்நேரம் வல்லரசு ஆகியிருப்போம் என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஆர்ஃபியஸ்-12 வந்திருந்தாலும் சில வருஷங்களில் பழசாகியிருக்கும். போன விஷயம் வேற. ஒரு எஞ்சினை வரைபடத்தில் இருந்து தயாரிப்பு வரைக்கும் கொண்டு வரும்போது நூறு தடவை அது உடையும். ஏன் உடைஞ்சதுன்னு கண்டுபிடிக்கிற அறைக்குள்ள நம்ம பொறியாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மிச்சம் பிடித்த பணத்தோடு சேர்த்து நாம விட்டது அந்த நாற்காலியை.

இதே சமயத்தில் இன்னொரு நாடகம். 1961-ல் பாகிஸ்தானுக்கு அமெரிக்கா எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் கொடுத்தது. நமக்கும் ஒலியை மிஞ்சும் விமானம் உடனே வேண்டும். அமெரிக்கா எஃப்-104 கொடுக்கத் தயாரில்லை. சோவியத் யூனியன் மிக்-21 தர்றோம், உங்க ஊர்லயே செய்ய லைசென்ஸும் தர்றோம், ரூபாயிலேயே கட்டுங்கன்னது. அமெரிக்காவும் பிரிட்டனும் தடுக்கப் பார்த்தன, பிரிட்டனின் லைட்னிங் விமானம்கூடப் பேச்சில் வந்தது. கடைசியில் 1962 ஆகஸ்டில் மிக்-21 என்று முடிவானது. உடல் நாசிக்கில், எஞ்சின் ஒரிசா கோராபுட்டில், மின்னணு ஐதராபாத்தில். 850-க்கும் மேல் வாங்கியும் செய்தும் ஓட்டி, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் வழியனுப்பி வைத்தோம். அறுபத்திரண்டு வருஷம். எங்க ஆஃபீஸ்ல அஞ்சு வருஷப் பழைய சர்வரைத் தூக்கிப்போட மூணு மீட்டிங் போடுவாங்க, இது அறுபத்திரண்டு!

கோராபுட்டில் நாம் ஆயிரக்கணக்கில் எஞ்சின் செய்திருக்கிறோம். அப்புறமும் ஏன் சொந்தமாக ஒன்று வரவில்லை? சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இதைப் புரியவைக்கிறது சுலபம். லைசென்ஸ் தயாரிப்புங்கிறது சோர்ஸ் கோட் இல்லாம பைனரி மட்டும் வாங்கி இன்ஸ்டால் பண்ற மாதிரி. அந்தத் திருகாணி அந்த இடத்தில், இத்தனை இறுக்கத்தில் என்று தெரியும். ஏன் அங்கே என்பது மாஸ்கோவில் ஒரு பீரோவுக்குள் இருக்கும்.

சரி, எஞ்சின் அடுத்தவனுடையது என்றால் என்னதான் ஆகும்? 1978-ல் ஒரு அழகான உதாரணம். கான்பெர்ரா, ஹண்டர் விமானங்களுக்கு மாற்றாக எல்லை தாண்டி ஊடுருவித் தாக்கும் விமானம் தேடினோம். பிரிட்டன்-பிரான்ஸ் கூட்டுத் தயாரிப்பான ஜாகுவார், பிரான்ஸின் மிராஜ் எஃப்-1, ஸ்வீடனின் விக்கன் மூன்றும் களத்தில். ஸ்வீடன் எந்தக் கூட்டணியிலும் சேராத நாடு. நாமும் அணிசேரா நாடு. அரசியல் பிக்கல் பிடுங்கல் இல்லாத சம்பந்தம்னுதான் யாருக்கும் தோணும். ஆனா விக்கனுக்குள்ள இருந்த எஞ்சின், அமெரிக்காவோட பிராட் அண்ட் விட்னி பயணிகள் விமான எஞ்சினை வைத்து ஸ்வீடன் உருவாக்கினது. கார்ட்டர் அரசு, இந்தியாவுக்கு விக்கக்கூடாதுன்னு தடுத்துடுச்சு. விமானம் ஸ்வீடனோடது, வாங்கறது இந்தியா, வேண்டாம்னு சொன்னது அமெரிக்கா. ஜாகுவார் வந்தது.

இஸ்ரேல் கதை இன்னும் சுவாரசியம். 1966-ல் பிரான்ஸில் ஐம்பது மிராஜ்-5 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்துப் பணமும் கட்டியிருந்தார்கள். போர் வந்ததும் டிகால் தடை போட்டார், விமானங்கள் வரவில்லை. இஸ்ரேல் என்ன செய்தது தெரியுமா? மிராஜ் எஞ்சினை லைசென்ஸில் செய்துகொண்டிருந்த ஸ்விட்சர்லாந்து சுல்சர் கம்பெனியில் ஆல்ஃபிரட் ஃப்ராவென்க்னெஹ்ட் என்று ஒரு பொறியாளர். அவர் மூலமாக எஞ்சின் வரைபடங்களைப் பெட்டி பெட்டியாகக் கடத்தினார்கள். 1969-ல் அவர் மாட்டிக்கொண்டு ஜெயிலுக்குப் போனார். அதோட நிக்கலை. மிராஜ் உடலில் அமெரிக்காவின் ஜே-79 எஞ்சினைப் பொருத்தி இஸ்ரேல் க்ஃபிர் என்று சொந்த விமானம் செய்தது. 1977-ல் அதை ஈக்வடாருக்கு விற்கப் போனபோது, எஞ்சின் எங்களுடையது, விக்காதேன்னு அமெரிக்கா சொல்லிவிட்டது. அதே கார்ட்டர்.

பாகிஸ்தான் நிலைமையும் ஒண்ணும் வித்தியாசமில்லை. சீனாவோடு சேர்ந்து செய்த ஜே.எஃப்-17 விமானத்துக்குள் இருப்பது ரஷ்ய எஞ்சின். அதைக் கொடுக்காதீங்கன்னு நாமளே ரஷ்யாகிட்ட முறையிட்டோம். பலனில்லை என்பது வேறு விஷயம்.

இப்போ நம்ம தேஜஸ். மிக்-21-க்கு மாற்றாக 1983-ல் அனுமதி கிடைத்த இலகு ரகப் போர் விமானம். சொந்த எஞ்சின் வரும் வரைக்கும் தற்காலிகமாக அமெரிக்க ஜி.ஈ. கம்பெனியின் எஃப்-404 என்று முடிவு. சொந்த எஞ்சினுக்கு 1989-ல் 382 கோடி ரூபாய் ஒதுக்கி, அதே ஜி.டி.ஆர்.ஈ.யிடம் ஒப்படைத்தார்கள். பெயர் காவேரி. பெங்களூரில் இருந்து காவேரி குறித்த நேரத்தில் வராது என்பது தமிழனுக்குத் தெரியாதா :-)

கிண்டலை விடுவோம். இது எவ்வளவு கஷ்டமான வேலை என்று மெக்கானிக்கல் படித்தவன் என்ற முறையில் சொல்லியே ஆகணும் (நாலு வருஷம் தெர்மோடைனமிக்ஸ் படிச்சிட்டு இப்ப ஜாவா எழுதறேன், அது தனிக்கதை). எரிகலனில் இருந்து வெளியே வரும் வாயுவின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதன் முன்னால் சுழலும் டர்பைன் இலைகள் நிக்கல் உலோகக் கலவை. அது உருகும் வெப்பநிலை கிட்டத்தட்ட 1,350. அதாவது உருகிப் போற சூட்டுக்குள்ள நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுத்திக்கிட்டே உருகாம இருக்கணும். அதுக்காக இலைக்கு உள்ளே மெல்லிய குழாய்கள் ஓட்டி, முடி கனத்தில் துளைகள் போட்டு, அதன் வழியாகக் காற்றை விட்டு, இலையைச் சுற்றி ஒரு குளிர்ந்த போர்வை போர்த்துகிறார்கள். இலை முழுசும் ஒரே படிகமாக வார்க்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் படிகங்களின் விளிம்பில் விரிசல் விடும். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா நாலு பேரும் இந்த ரகசியத்தைக் குடும்பச் சமையல் குறிப்பு மாதிரி பாதுகாக்கிறார்கள். சீனாவே ரொம்ப நாள் ரஷ்ய எஞ்சினில்தான் ஓட்டியது. ஜே-20 விமானத்தின் ஆரம்பத் தொகுதிகளும் ரஷ்ய எஞ்சினோடு வந்தவைதான், பல பத்தாண்டு தண்டச்செலவுக்குப் பிறகுதான் சொந்த எஞ்சினுக்கு மாறினார்கள்.

காவேரிக்கு இலக்கு 81 கிலோ நியூட்டன் உந்துவிசை. எழுபதைச் சுற்றியே நின்றுவிட்டது. எடையும் கூடிப்போனது. இங்கே முழு அளவில் சோதிக்கிற வசதி இல்லாமல் ரஷ்யாவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அங்கே 2010-ல் ஒரு இல்யூஷின்-76 விமானத்தில் கட்டிப் பறக்க விட்டார்கள். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 2008-ல், தேஜஸ் வேறு காவேரி வேறு என்று பிரித்தாகிவிட்டது. ஜி.டி.ஆர்.ஈ.யைத் திட்டுவது இணையத்தில் ஒரு பொழுதுபோக்கு. சோதனைக்கூடத்துக்குக் காசு கொடுக்காமல் ரிசல்ட் மட்டும் கேட்பதைப் பற்றி அவர்கள் யாரும் எழுதக் காணோம்.

நடுவில் 1998 மே. பொக்ரானில் குண்டு வெடித்தோம், அமெரிக்கா தடை விதித்தது. தேஜஸின் பறக்கும் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக நம்ம பொறியாளர்கள் அமெரிக்காவில் லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனியோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். கிளம்புங்கன்னு சொல்லிட்டாங்க. கருவிகள் அங்கேயே மாட்டிக்கொண்டன. திரும்பி வந்தவர்கள் பெங்களூரில் உட்கார்ந்து மிச்ச மென்பொருளை அவர்களே எழுதி, சோதித்து முடித்தார்கள். 2001 ஜனவரி 4-ல் ராஜீவ் கோத்தியால் தேஜஸைக் கிளப்பினார். ஒரு புரோகிராமரா எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது. மென்பொருள்னா பத்து மூளையும் பிடிவாதமும் இருந்தா ரெண்டு வருஷத்துல எழுதிடலாம். எஞ்சினை அப்படி உட்கார்ந்து எழுதிவிட முடியாது. அதனால அன்னைக்கும் உள்ள இருந்தது, தடைக்கு முன்னாடியே வாங்கி வெச்சிருந்த எஃப்-404.

தேஜஸ் இழுத்துக்கொண்டே போனதால் வந்த இடைவெளியை நிரப்பத்தான் 2007-ல் 126 விமானங்களுக்கு அந்தப் பெரிய டெண்டர். மதிப்பு 42,000 கோடி. அமெரிக்காவின் எஃப்-16, எஃப்-18, ரஷ்யாவின் மிக்-35, ஸ்வீடனின் கிரிப்பன், நாலு ஐரோப்பிய நாடுகளின் யூரோஃபைட்டர், பிரான்ஸின் ரஃபேல், ஆறு பேர். லடாக் குளிரில், ராஜஸ்தான் வெயிலில் எல்லாம் பறக்கவிட்டுப் பார்த்து, 2012 ஜனவரியில் ரஃபேல் தேர்வானது. பெங்களூரில் செய்யும் 108 விமானங்களுக்கு யார் உத்தரவாதம் என்ற சண்டையில் மூன்று வருஷம் போய், 2015-ல் டெண்டரே ரத்து. அப்புறம் 2016-ல் நேரடியாக 36 வாங்கினோம். இந்தக் கதையை எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் கவனித்தது ஒன்றே ஒன்று. கிரிப்பன் புது மாடலுக்குள் இருந்ததும் எஃப்-18-க்குள் இருந்ததும் ஜி.ஈ.யின் எஃப்-414 எஞ்சின். ரெண்டையும் 2011-ல் ஒதுக்கினோம். அதே எஃப்-414-ஐத்தான் 2010-லேயே நம்ம அடுத்த தேஜஸுக்குத் தேர்ந்தெடுத்திருந்தோம். முன்வாசல்ல வேணாம்னு சொன்ன ஆளைக் கொல்லைப்பக்கமா உட்கார வெச்ச கதை.

ஐந்தாம் தலைமுறைக்கு ரஷ்யாவோடு கூட்டு சேர்ந்ததும் இந்தக் காலத்தில்தான். சுகோய்-57-ஐ வைத்து இந்தியாவுக்கென்று ஒரு விமானம், 2010-ல் ஆரம்ப வடிவமைப்புக்கு 29.5 கோடி டாலர் கட்டினோம். 2018-ல் வெளியே வந்துவிட்டோம். நம்ம விமானப்படைக்கு இருந்த குறைகளில் முக்கியமான ஒன்று, அதற்கான புது எஞ்சின் தயாராகாமல் பழையதையே திருத்தி ஓட்டியது.

இதெல்லாம் பழங்கதை, இப்ப என்னன்னு கேக்கறீங்களா? 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஆர்டர். 2024-ல் வரத் தொடங்கியிருக்கணும். வரலை. காரணங்கள் பல இருந்தாலும் பெருசு எஞ்சின். ஆர்டர் இல்லாததால் ஜி.ஈ. அந்தத் தயாரிப்பு வரிசையையே மூடி வைத்திருந்தது. திரும்பத் திறந்து, உதிரி பாக சப்ளையர்களைத் தேடிப் பிடித்து, 99 எஞ்சின்களில் முதலாவதை அனுப்பினது 2025 மார்ச்சில். இந்த முறை தடையும் இல்லை, விரோதமும் இல்லை. அவங்க கடையில சரக்கு இல்லை, அவ்வளவுதான். இதற்குள் மிக்-21 மொத்தமாகப் போய்விட, 42 ஸ்குவாட்ரன் இருக்க வேண்டிய விமானப்படையில் 29 என்று ஆனது. கோவை சூலூர் பக்கம் இருப்பவர்கள் தலைக்கு மேல் தேஜஸ் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் இரண்டு தேஜஸ் ஸ்குவாட்ரனும் அங்கே இருந்தவைதான். மூன்றாவது எங்கே எப்போது என்பதை அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையின் ஷிப்ட் அட்டவணை முடிவு செய்கிற நிலைமை.

அதனால எஃப்-35-ஆ, சுகோய்-57-ஆங்கிற கேள்விக்கு என்னோட பதில், ரெண்டுக்கும் அவசரப்பட வேண்டாம். எஃப்-35 திட்டத்துல பங்குதாரரா இருந்த துருக்கியையே, ரஷ்ய எஸ்-400 ஏவுகணை வாங்கினதுக்காக 2019-ல் வெளியே தள்ளிட்டாங்க. அதே எஸ்-400 நம்மகிட்டயும் இருக்கு. சுகோய்-57 வாங்கினா கோராபுட் கதை இன்னொரு தடவை. அவசரத்துக்குக் கொஞ்சம் ரஃபேல் மாதிரி வாங்கி எண்ணிக்கையைத் தூக்கி நிறுத்தலாம், அதில் தப்பில்லை. ஏற்கெனவே பராமரிப்பு வசதி இருக்கு, 1998-ல் பிரான்ஸ் தடை போடவும் இல்லை. (டிகால் ஞாபகம் இருக்கட்டும்!) பெரிய பணம் போக வேண்டிய இடம் வேற.

அந்த இடம், நம்ம சொந்த ஐந்தாம் தலைமுறைத் திட்டமான ஆம்கா. 2024 மார்ச்சில் 15,000 கோடி ஒதுக்கியாச்சு. முதல் விமானங்கள் எஃப்-414 எஞ்சினில்தான் பறக்கும். அதற்கு அப்புறம் வருவதற்காக, பிரான்ஸின் சஃப்ரான் கம்பெனியோடு சேர்ந்து இந்தியாவிலேயே புது எஞ்சின் உருவாக்கப் போவதாக 2025 ஆகஸ்டில் ராஜ்நாத் சிங் அறிவித்தார். 110 முதல் 120 கிலோ நியூட்டன் வகை. செலவு பல்லாயிரம் கோடியாகும், பத்து வருஷத்துக்கு மேல் இழுக்கும், நடுவில் கண்டிப்பாகப் பலமுறை உடையும். தணிக்கை அறிக்கை வரும், சேனல்களில் கிழிப்பார்கள். அந்த ஒப்பந்தம் என்றைக்காவது முழுசாக வெளியே வந்தால், விலை எவ்வளவு, எத்தனை எஞ்சின் என்ற பக்கங்களை அப்புறம் பார்த்துக்கொள்வேன். டர்பைன் இலையின் வடிவமைப்பு உரிமை யார் பெயரில் என்ற வரியைத்தான் முதலில் தேடுவேன்.

பி.கு: மருத்தை நேரில் பார்க்க ஆசையிருந்தால் பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. ஜெர்மனிக்கு ஆன்சைட் போயிருக்கும் மக்கள், ம்யூனிக் பக்கத்தில் ஷ்லைஸ்ஹைம் விமான அருங்காட்சியகத்தில் இன்னொன்றைப் பார்க்கலாம். குர்ட் டாங்கின் விமானம் என்று அவர்களும் ஒன்றைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். போனால் ஒரு படம் எடுத்து அனுப்புங்க.